வெயில் தாழும்வரை

தேவராஜ மார்க்கெட்டில், சயாஜிராவ் சாலைப் பக்கத்து வாசலில் நுழைந்து, வாழைத்தார்களையும் குங்குமக் குவியல்களையும் தாண்டி, மல்லிகைக் கூடைகளுக்கு நடுவே பேரன் ஒரு கையும் பேத்தி ஒரு கையுமாக நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மாம்பழக் கடைக்காரர் மரப்பெட்டியில் பொதிந்திருந்த வைக்கோலை இரண்டு கையாலும் விலக்கினார், உள்ளே ரசபுரி, பழுத்ததும் பழுக்காததுமாக, காம்பில் பால் காய்ந்து கறுத்த பழங்கள், வைக்கோலுக்குள் புழுங்கிய சூடும் மாம்பாலின் காட்டமும் சேர்ந்து எழுந்த அந்த வாசத்தில் பிள்ளைகள் இருவரும் மூக்கைச் சுளித்தார்கள், நான் அசோகபுரத்து ரயில்வே குவார்ட்டர்ஸில், கயிற்றுக் கட்டிலுக்குக் கீழே, காவி சிமெண்ட் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடந்தேன், அது 1970-களின் ஏதோ ஒரு மே மாதம்.

கட்டிலுக்குக் கீழேதான் அம்மாவைப் பெற்ற அம்மிச்சி மாங்காயைப் பழுக்கப் போடுவாள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்புச்சி, சம்பளம் வந்த வார சனிக்கிழமை இதே மார்க்கெட்டில் வாங்கி, சாக்கோடு சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார், அவள் வைக்கோல் பரப்பி வரிசையாக அடுக்கி மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்துவாள், தினமும் குளித்துவிட்டு வந்து ஈரத்தலையோடு குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டு, கனிந்ததை முன்னுக்கும் கனியாததைப் பின்னுக்கும் மாற்றி வைப்பாள், முகர்ந்து பார்க்கிற வழக்கமே இல்லை, விரல் போதும் அவளுக்கு. அந்த வீட்டில் வேறு வாசங்களும் உண்டு, அப்புச்சியின் காக்கிச் சட்டையிலிருந்து வரும் மண்ணெண்ணெயும் கிரீஸும், டிரங்குப் பெட்டியைத் திறந்தால் சேலை மடிப்புகளுக்கு இடையே அவள் செருகி வைத்திருக்கும் மைசூர் சாண்டல் சோப்பின் காலி அட்டைப்பெட்டிகள், சோப்பைத் தேய்த்துக் குளித்தது அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை, விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்தது எந்த விருந்தாளிக்குப் போனதோ, பெட்டிகள் மட்டும் மணத்துக்கொண்டிருந்தன.

நாங்கள் கோபியிலிருந்து வருவோம். ஈரோட்டு மண்ணில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் காலை ஒன்பது மணிக்கே தார்ச்சாலை இளகும், அந்த வெக்கையிலிருந்து பிள்ளைகளைத் தப்பிக்க வைப்பதற்கு அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வழி மைசூர் பஸ். பண்ணாரி அம்மன் கோயில் வாசலில் வண்டி நிற்கும், டிரைவர் இறங்கிப் போய்ப் புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு வருவார், அதற்குப் பிறகுதான் திம்பம் மலை, 27 கொண்டை ஊசி வளைவுகள், வளைவுக்கு வளைவு யாராவது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார்கள், அம்மா எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி எங்கள் மூக்கடியில் வைப்பாள், காய்ந்த மூங்கிலும் யானைச் சாணமும் எலுமிச்சைத் தோலும் டீசலும் ஒன்றாகக் கலந்த வாசம் அது. ஆசனூர் தாண்டியதும் காற்று மாறிவிடும், யாரும் சொல்லாமலே எல்லோரும் ஒரே நேரத்தில் முந்தானையையும் துண்டையும் முகத்திலிருந்து எடுப்பார்கள், சாமராஜநகரில் கன்னடப் பலகைகள், நஞ்சன்கூடு பாலம், பிறகு சுமார் 2,500 அடி உயரத்தில் இருக்கிற அந்த நகரத்தின் மர நிழல். இப்போது மகள் ஓட்டும் காரில் அதே மலையில் ஏறும்போது கண்ணாடி மேலே ஏற்றியிருக்கிறது, பிள்ளைகள் பின் இருக்கையில் திரையைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள், ஆசனூர் எப்போது வந்தது எப்போது போனது என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

மைசூரிலும் வெயில் இல்லாமல் இல்லை. பதினொரு மணியிலிருந்து நாலு மணிவரை வாசல்படியைத் தாண்டக் கூடாது என்பது அம்மிச்சி போட்ட சட்டம், "வெய்ய தாழட்டும் கண்ணு" என்று ஒரே வார்த்தையில் எல்லா அழுகைக்கும் பதில் சொல்லிவிடுவாள். மங்களூர் ஓட்டுக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு இருந்தது, அதன் வழியாக இறங்கும் வெளிச்சம் காலையில் அடுப்படிச் சுவரில் இருக்கும், நேரம் போகப் போக ஆட்டுக்கல்லைத் தொட்டு, நடையைக் கடந்து, வாசல் நிலைக்கு வரும், நிலைக்கு வந்துவிட்டால் வெளியே போகலாம், அந்த வெளிச்சக் கட்டத்துக்குள் தூசி மிதந்துகொண்டே இருக்கும், எங்களில் யாராவது ஒருவர் அதை விரலால் தள்ளிவிட முயன்றுகொண்டே இருப்போம். அந்த ஐந்து மணி நேரத்தை அவள் எதனால் நிரப்பினாள் என்று இப்போது யோசித்தால், பெரும்பாலும் எதனாலும் நிரப்பவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான், உட்கார்ந்த இடத்தில் பல்லாங்குழி இருந்தது.

மீன் வடிவத்தில், நடுவே கீல் வைத்து மடிக்கிற மரப் பல்லாங்குழி, பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஒரு குழியில் நாலு சேர்ந்தால் பசு, அதை அந்தக் குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். தம்பிக்கு அப்போது மூன்று வயது, ஆட்டம் புரியாது, ஆனாலும் யார் குழியில் நாலு சேர்ந்தாலும் "பசு, பசு" என்று கத்துவதும், எடுத்த நாலையும் வாங்கி எண்ணி அலுமினிய டப்பாவில் போடுவதும் அவன் வேலை, ஒன்று இரண்டு மூன்று என்று அவன் முதன்முதலில் எண்ணியது அந்தக் கொட்டைகளைத்தான், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அவனுக்கு நாலு நாலாகக் கூட்டத் தெரிந்திருந்தது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டு ஏற்றது என்று இன்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான், பெரியவர்கள் உண்மையிலேயே ஆடுகிற ஓர் ஆட்டத்தில் அவர்களுக்கும் ஒரு வேலை இருந்தால் போதும்.

இரண்டு மணிக்கு மேல், சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அஜ்ஜி வருவாள், இடுப்பில் வெற்றிலைப் பை, கையில் நாலு சோழி. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஐந்துக்கு ஐந்தாகக் கட்டம் போட்டு சௌகாபாரா ஆரம்பிப்பார்கள், நம் தாயத்துக்குப் பங்காளி, நாலு சோழியும் மல்லாந்தால் நாலு, நாலும் கவிழ்ந்தால் எட்டு, அப்படி விழுந்தால் இன்னொரு தடவை போடலாம், எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் நுழைய முடியும். அம்மிச்சிக்குக் கன்னடம் அரைகுறை, அஜ்ஜிக்குத் தமிழ் அதைவிடக் குறைவு, சண்டை மட்டும் முழுசாக நடக்கும், சோழி சாய்ந்து நின்றால் அது மல்லாந்ததா கவிழ்ந்ததா என்று ஆரம்பித்து, போன வருஷத்து ஆட்டம் வரைக்கும் போவார்கள். அஜ்ஜி பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்து ஆடியதே கிடையாது, நடுக்கட்டத்தில் பழமாக இன்னும் ஒரு கட்டம் இருக்கும்போது என் காயை வெட்டி வெளியே எறிவாள், நான் அழுவேன், அவள் கட்டிலுக்குக் கீழே கையை விட்டு ஒரு மாம்பழத்தை எடுத்து, மேல்பக்கம் கடித்துத் துப்பிவிட்டு, பிசைந்து என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த சோழியைப் போடச் சொல்வாள். பழம் தீரும்போது அழுகையும் தீர்ந்திருக்கும், காய் திரும்ப வராது.

இந்த ஆட்டங்களுக்கெல்லாம் அந்த ஊரில் ஒரு ராஜா இருந்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது, கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவை ஜகன்மோகன் அரண்மனைக்குப் போயிருந்தபோது. கூட்டமெல்லாம் ஹல்தாங்கர் வரைந்த, கையில் விளக்கை ஏந்தி நிற்கும் பெண்ணின் படத்துக்கு முன்னால் நின்றது, அந்த வெளிச்சம் விரல் இடுக்கில் கசிவதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும், ஆனால் சுவரில் வரைந்திருந்த ஆட்டக் கட்டங்களுக்கு முன்னால் யாரும் இல்லை, வட்டமாக, நட்சத்திரமாக, கட்டத்துக்குள் கட்டமாக, அரளி மொட்டு நிறத்திலும் மயில்கழுத்து நிறத்திலும், எப்படி ஆடுவது என்று பார்த்ததும் புரியாத ஆட்டங்கள். மும்மடி கிருஷ்ணராஜ உடையார், திப்பு வீழ்ந்த 1799-இல் ஐந்து வயதுப் பிள்ளையாக அரியணையில் உட்கார்த்தப்பட்டவர், 1831-இல் ஆங்கிலேயர்கள் ஆட்சியைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள், பட்டம் மட்டும் மிஞ்சிய அவர் 1868 வரை வாழ்ந்தார். அத்தனை வருஷங்களில் அவர் ஓவியர்களையும் பண்டிதர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்டங்களை உண்டாக்கினார், சதுரங்கக் குதிரை 64 கட்டங்களையும் ஒன்றைக்கூட இரண்டாம் தடவை மிதிக்காமல் சுற்றி வரும் வழிகளைக் கண்டுபிடித்தார், கஞ்சிஃபா சீட்டில் 360 சீட்டுகள் கொண்ட ஆட்டம் வரைக்கும் போனார், அவர் தொகுத்த ஸ்ரீதத்துவநிதியில் தெய்வங்களுக்கும் கிரகங்களுக்கும் பின்னால், கடைசிப் பகுதியான கௌதுக நிதியில் விளையாட்டுகளுக்கும் இடம் இருக்கிறது. ராஜ்யத்தை இழந்த மனிதருக்கு நீளமான மத்தியானங்கள் மிஞ்சின, அவற்றை அவர் எப்படிச் செலவிட்டார் என்பது அந்தச் சுவரில் இருக்கிறது, அதன் முன்னால் நின்றபோது எனக்கு அஜ்ஜியின் சுண்ணாம்புக் கட்டம்தான் நினைவுக்கு வந்தது, அவளுக்கும் என் அம்மிச்சிக்கும் ராஜாவைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது, ஆனால் ஒரே வேலையைத்தான் மூவரும் செய்திருக்கிறார்கள்.

அப்புச்சிக்கு ஆட்டங்களில் ருசி கிடையாது, அவருக்கு எஞ்சின்தான். 1979-இல் கே.ஆர்.எஸ். சாலையில் ரயில்வே மியூசியம் திறந்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார், டெல்லிக்கு அடுத்தபடியாக நாட்டில் அப்படி ஒன்று வந்தது மைசூரில்தான், மாலையில் எங்களை அழைத்துக்கொண்டு நடந்தே போவார், வேட்டியை மடித்துக் கட்டி, குடையை வெயிலில் விரிக்காமல் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு. 1899-இல் செய்த மகாராணியின் பெட்டி அங்கே நிற்கிறது, சமையலறையும் குளியலறையும் கொண்ட ரயில் பெட்டி, அம்மாவும் அம்மிச்சியும் அதன் ஜன்னலில் முகத்தை வைத்து வெகுநேரம் நிற்பார்கள், அப்புச்சி அந்தப் பக்கமே வரமாட்டார், மீட்டர் கேஜ் எஞ்சின் ஒன்றின் சக்கரத்துக்கு அருகே குனிந்து, தண்டு எங்கே தள்ளுகிறது, நீராவி எந்தப் பக்கம் நுழைகிறது, எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று எங்கள் விரலைப் பிடித்துத் தொட்டுக் காட்டுவார். "தண்ணியும் நெருப்பும்தான் சாமி, மத்ததெல்லாம் இரும்பு" என்பார். இப்போது மியூசியத்தை அழகாக மாற்றியிருக்கிறார்கள், புல்வெளி, பிள்ளைகள் ஏறிச் சுற்றும் குட்டி ரயில், அதில் ஏறி இறங்கியதும் பேரன் அடுத்து எங்கே என்று கேட்டான், எஞ்சினுக்கு அருகே குனிந்து காட்டுகிற மாதிரி அதில் வேலை பார்த்தவர் யாரும் என்னோடு இல்லை, எனக்கும் அவர் சொன்னதில் பாதிதான் நினைவிருக்கிறது, அந்தப் பாதியைச் சொன்னேன், அவன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தான்.

கோடையின் மறுபாதி கோபியில் கழியும், அப்பாவின் ஊரில், கொடிவேரிக்குப் போகிற நாட்கள் அவை. பவானி ஆறு தடுப்பணையின் மேல் வழிந்து ஆள் உயரத்துக்கு விழுகிற இடம், பெரிய அருவிகளின் இரைச்சல் இல்லை, பயம் இல்லை, நாலு வயதுப் பிள்ளையைக்கூட மடியில் வைத்துக்கொண்டு விழுகிற தண்ணீருக்கு அடியில் உட்காரலாம். அப்பாவைப் பெற்ற ஆத்தா பாறையில் உட்கார்ந்து துணிகளைக் காவல் காப்பாள், ஆற்றில் ஒரு நாளும் இறங்கமாட்டாள், குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிற ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் சுக்கும் கருப்பட்டியும் சேர்த்து இடித்த உருண்டையைத் திணித்துவிட்டு, தன் சேலைத் தலைப்பால் தலையைத் துவட்டுவாள், சுக்கின் காரம் மூக்கில் ஏற, தலைப்பில் அவளுடைய புகையிலை வாசம், கரையில் மசாலா தடவிய மீன் எண்ணெயில் பொரிகிற வாசம், அந்த மீனை அவள் வாங்கித் தந்ததே இல்லை, சைவக்காரி. அந்தப் பவானித் தண்ணீர் கூடுதுறையில் போய்க் காவிரியோடு சேரும், சேருகிற காவிரி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஆத்தா மேற்கே கை காட்டி "உங்க அம்மிச்சி ஊர்ல இருந்துதான்" என்பாள், எனக்கு அது ஒரு பெரிய சமாதானமாக இருந்தது.

அம்மிச்சி ஊரில் அந்தக் காவிரியைப் பார்க்கப் பெரியவர்கள் எல்லோரும் பிருந்தாவனத்துக்குத்தான் போகச் சொல்வார்கள். 1911-இல் தொடங்கி விஸ்வேஸ்வரய்யா முன்னின்று கட்டிய அணை, மிர்சா இஸ்மாயில் உண்டாக்கிய தோட்டம், எத்தனையோ தமிழ்ப் படப் பாட்டுகளில் பார்த்த படிக்கட்டு நீரூற்றுகள், கொட்டாவி விடாமல் பார்க்கத் தக்கதுதான், ஆனால் விளக்கு போட்ட பிறகு வருகிற கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளின் உயரத்துக்கு முன்னால் நிற்பவரின் முதுகு மட்டும்தான் தெரிகிறது, இசை நீரூற்றைப் பார்க்கத் தோளில் தூக்கியவரின் கழுத்து நோகிறது. நான் பிள்ளைகளோடு போகச் சொல்வது ரங்கன்திட்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில், உடையார்கள் காலத்துத் தடுப்பணை ஒன்றால் ஆற்றுக்குள் உண்டான திட்டுகள், பறவை ஆய்வாளர் சாலிம் அலி வந்து பார்த்து மன்னரிடம் எடுத்துச் சொன்னதால் 1940-இல் சரணாலயம் ஆனது, 2022-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. மே மாதத்தில் மரத்துக்கு மரம் கூடு, நத்தைகுத்தி நாரையும் மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் வாயைத் திறந்த குஞ்சுகளுமாக, படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டுப் படகைத் தானாக மிதக்க விடுகிறபோது எச்சமும் மீனும் கலந்த அந்தக் கனத்த வாடை வந்து அறையும், பாறையின் மேல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு முதலை படுத்திருக்கும், அது உயிரோடிருக்கிறதா இல்லையா என்று பிள்ளைகள் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் பேத்தி, ஓரிடத்தில் ஐந்து நிமிஷம் நிற்காதவள், அந்தப் படகில் அப்படி ஒரு மௌனத்தில் இருந்தாள், முன் இருக்கைக்காரர்கள் எழுந்து நின்று போனை நீட்டியபோது "உட்காருங்க அங்கிள், அது தூங்குது" என்று சொன்னதும் அவள்தான்.

விலங்குக்காட்சிச்சாலைக்குக் காலை எட்டரைக்குக் கதவு திறக்கும்போது போனோம், அது அம்மிச்சி காலத்துப் பழக்கம், வெயில் ஏறினால் புலி உள்ளே போய்ப் படுத்துவிடும் என்பாள். சாமராஜேந்திர உடையார் 1892-இல் அரண்மனைத் தோட்டத்தில் தொடங்கியது அது, இன்று 157 ஏக்கர், பிள்ளையின் காலுக்கு அது நீண்ட நடை, பாதியில் தூக்கச் சொல்லும். என் மகள் அங்கே பார்த்தது போலோ என்கிற கொரில்லாவை, 1995-இல் டப்ளினிலிருந்து வந்தது, நாட்டிலேயே இருந்த ஒரே கொரில்லா, துணையே இல்லாமல் 2014-இல் இறந்தது, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், மகள் சின்ன வயதில் அதற்கு யாருமில்லையா என்று கேட்டு அன்று முழுக்க என்னைப் படுத்தினாள். 2021-இல் ஜெர்மனியிலிருந்து இரண்டு இளம் கொரில்லாக்கள் ஒன்றாக வந்திருக்கின்றன, அவற்றைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று பேரனுக்குக் காட்டியபோது "ரெண்டு பேர் இருக்காங்கடா" என்று முதலில் சொன்னது மகள்தான், அவள் குரலில் இருந்த நிம்மதி எனக்கு மட்டும் புரிந்தது.

மகளுக்கு வேலை கிடைத்தது மைசூரில், அம்மிச்சி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் கழித்து அதே ஊருக்கு நான் திரும்ப வர அதுதான் காரணம். அவள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் கோடை விடுமுறைக்கான அட்டவணை ஒட்டியிருந்தது, ஒன்பதரைக்கு நீச்சல், பதினொன்றரைக்கு அபாகஸ், இரண்டு மணிக்கு ஓவியம், நாலரைக்கு ஸ்கேட்டிங், ஆறு வயதுக்கும் நாலு வயதுக்கும். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் பிள்ளைகளை எங்கே விடுவது என்பது உண்மையான கேள்வி, அதற்கு ஊர் கொடுக்கிற பதில் இதுதான். அந்தப் பதில்களில் நல்லதும் உண்டு, பி.வி. காரந்த் 1989-இல் தொடங்கிய ரங்காயணத்தில் கோடைதோறும் நடக்கிற சின்னர மேளாவைப் பற்றி நான் தயங்காமல் சொல்வேன், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் ஏப்ரலில் கூடி, பாட்டும் முகமூடியும் களிமண்ணுமாகப் பழகி, முடிவில் நாடகம் போட்டுக் காட்டுகிறார்கள், மரத்தடியில் அவர்கள் ஒத்திகை பார்க்கிற சத்தத்தை வேலிக்கு இப்பால் நின்று கேட்டாலே போதும், அங்கே யாரும் யாருக்கும் மதிப்பெண் போடவில்லை என்று தெரியும். மற்றவற்றில் பெரும்பாலானவை பள்ளிக்கூடம் விட்ட இடத்தைக் கோடையிலும் நிரப்புகின்றன, பிள்ளைகள் களைத்து வருகிறார்கள், என்ன செய்தாய் என்று கேட்டால் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் ஓவிய வகுப்பு நடத்துகிறவருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது, இரண்டு மணி, வெளியே வெள்ளை வெயில், பேரன் சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு "போரடிக்குது பாட்டி" என்றான். விலங்குக்காட்சிச்சாலைக்கு எதிரே ராம்சன்ஸ் கைவினைக் கடை இருக்கிறது, பழைய பலகை ஆட்டங்களைத் தேடிச் சேர்த்து கிரீடா கௌசல்யா என்று கண்காட்சி நடத்துகிறவர்கள் அவர்கள்தான், அங்கே வாங்கி வந்த சோழிகள் என் பையில் இருந்தன. பளபளக்கிற டைல்ஸ் தரையில் சுண்ணாம்புக் கட்டி பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது, போன வருஷத்துக் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுக் கட்டம் வரைந்தேன், பேரனுக்கு முதல் அரைமணி நேரம் அது பிடிக்கவில்லை, எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான், சோழி எறியத் தெரியாமல் சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது, பேத்திக்குச் சோழி பொறுக்குகிற வேலை கிடைத்தது. அவன் காய் பழத்துக்குப் பக்கத்தில் வந்தபோது நான் வெட்டினேன், அஜ்ஜி வெட்டிய மாதிரியே, விட்டுக்கொடுக்காமல், அவன் என்னை நம்ப முடியாமல் பார்த்தான், அதற்குப் பிறகு ஆட்டத்தை விடவில்லை. நாலு மணிக்கு மேற்கே கறுத்து, மாங்காய் உதிர்க்கிற அந்த மே மாதத்து மழை ஆலங்கட்டியோடு இறங்கியது, ஆட்டம் பாதியில் இருந்தது, இரண்டு பேரும் பால்கனிக்கு ஓடிப்போய் ஆலங்கட்டியைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு, ஈரக்கையோடு வந்து உட்கார்ந்தார்கள், ஸ்கேட்டிங் நேரம் போய்விட்டதை யாரும் கேட்கவில்லை. மகள் மடிக்கணினியை மூடிவிட்டு வந்து, நாலும் கவிழ்ந்தால் எத்தனை அம்மா என்று கேட்டாள், அவளுக்கு இதை நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது, எட்டு என்றேன், அவளும் உட்கார்ந்தாள்.

அசோகபுரத்து வீட்டைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று வந்தபோது நினைத்திருந்தேன், பிறகு போகவில்லை, அந்தக் கண்ணாடி ஓடு இருக்காது, மற்றபடி அங்கே பார்க்க எனக்கு ஒன்றும் இல்லை. தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதிகூட 2016-இல் இடிந்து விழுந்தது, இருப்பதை இருக்கும்போதே பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்பதால்தான் இவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மே மாதத்தில் சின்னப் பிள்ளைகளோடு மைசூருக்குப் போக நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், விலங்குக்காட்சிச்சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் கதவு திறக்கும்போதே போய் வெயில் ஏறுமுன் வெளியே வந்துவிடுங்கள், ரங்கன்திட்டுப் படகில் காலை வேளையிலேயே ஏறிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் ஒரே சமயத்தில் எரிகிறபோது பிள்ளைகள் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதினொன்றிலிருந்து நாலு வரை எந்த இடத்துக்கும் டிக்கெட் எடுக்காதீர்கள், அறையிலேயே இருங்கள், தாயமோ பல்லாங்குழியோ ஆடத் தெரிந்த பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.